கழன்றுவந்த ஃபில்டர்

வெள்ளி, இரவு.

ஒரு மாதமாக நான் எடுக்கும் கல்யாணப் படங்கள் மங்கலாக விழுகின்றன. என்னுடையது பழைய லென்ஸ், கண்ணால் பார்த்துத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். முன்னால் மாட்டிய ஃபில்டரில்தான் கோளாறு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இன்று கழற்ற உட்கார்ந்தால் அது அசையவே இல்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

"இம்புட்டு இறுக்கிப் பிடிச்சா எப்படி வரும்? செத்த குடுங்க" என்று மனைவி வாங்கினாள். சாம்பார் பொட்டலத்து ரப்பர் பேண்டை விளிம்பில் சுற்றி மெல்லத் திருகினாள். வந்துவிட்டது.

அப்படியே கேமராவில் கண் வைத்து, ஃபோகஸைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். "காலண்டர்ல நல்ல நேரம்கூடத் தெரியுதுங்க!"

நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பெரிய எழுத்துத் தேதியே தெரியவில்லை.

"ஆமா, பளிச்சுனு இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தாடிக்கொம்பில் முகூர்த்தம்.