பெட்டிக்குப் பதில் ஒரு பை

எங்களை அனுப்பிவைத்தவனே,

எங்களை அடைத்துவைத்திருக்கும் டெக்சாஸ் குடியேறிகள் முகாமின் வேலிக்கு மேலே, வானம் நம் கியூபாக் கடல்போல மெல்ல அசைகிறது. மூன்று வேளையும் சாப்பாடு தருகிறார்கள். எங்கள் புகலிட வழக்கைப் பற்றி மட்டும் கேட்காதே.

புத்தாண்டன்று காலிப் பெட்டியோடு தெருவைச் சுற்றினால் பயணம் வாய்க்கும் என்று போன வருடம் நீதானே எங்களைச் சுற்றவிட்டாய்? இங்கே பெட்டி ஏது! புத்தாண்டான இன்று நம் மகள் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு, மதிய வெயிலில், வேலியோரமாகப் பின்னோக்கியே நடந்தாள்.

"என்னடி பண்றே?"

"இப்படி நடந்தா, வந்த வழியே அப்பாகிட்ட போயிடலாம்மா."

திட்டத்தான் வாயெடுத்தேன். பிறகு பார்த்தால், பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறேன்.

உன்னவள்