ஒருத்திக்கு ஆறு ஊசி, இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை

அனுப்புநர்:
இரட்டைப் பெண் குழந்தைகளின் தந்தை,
லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் பிளாக், இரண்டாம் மாடி,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: இரு குழந்தைகளுக்கும் உரிய தடுப்பூசிகள் ஒரே வருகையில் மூத்தவளுக்கே போடப்பட்டது – இளையவளுக்கு நாளை மாலை ஐந்து மணிக்குள் தட்டம்மைத் தடுப்பூசி போட ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தடுப்பூசி நிலையத்தில் சனிக்கிழமை நான் எழுதிக் கொடுத்த புகார் (அதில் ஒரு திருத்தம் உண்டு, பத்தி 6 காண்க).

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குப் பதின்மூன்று மாத இரட்டைப் பெண் குழந்தைகள். வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுகிறோம்; இருவருக்கும் நான்கு நிமிடம்தான் வித்தியாசம். அச்சில் வார்த்தது போல ஒரே முகம். பெரியவளின் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு, அதைப் பார்த்தால்தான் எனக்கே உறுதியாகும். சின்னவள் பிறந்ததும் ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவள். நுரையீரல் பலவீனம். இரண்டு முறை மூச்சுத் திணறி, ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்திருக்கிறோம். தட்டம்மை வந்தால் இவள் தாங்கமாட்டாள் என்று குழந்தை மருத்துவரே சொல்லியிருக்கிறார். மீதியைப் படிக்கத் தங்களுக்கு நேரமில்லாவிட்டாலும் இதையாவது படிக்க வேண்டும் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

2. சென்ற வியாழக்கிழமை இருவருக்கும் ஊசி போடும் நாள். தட்டம்மை, சின்னம்மை, நிமோனியா என்று ஆளுக்கு மூன்று. மூன்றையும் ஒரே வருகையில் போட்டுக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்பே விளக்கியிருந்தார்கள். எங்களுக்கும் அதுதான் வசதி. ஆடை ஆலையில் வேலை செய்யும் என் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் இரவு ஷிப்டு முடித்து, கண் எரிய எரிய, இருவரையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். பெரியவளுக்கு டோக்கன் 41. சின்னவளுக்கு 42.

3. அடையாளத்துக்காக மனைவி பெரியவளுக்குச் சிவப்புக் காலுறையும் சின்னவளுக்கு நீலமும் போட்டு அனுப்பியிருந்தாள். ஊசி அறைக்குள் போய் ஒவ்வொன்றாகக் கழற்றுவதால்தான் நேரமாகிறது என்று வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே! பெஞ்சிலேயே இருவருக்கும் கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் கழற்றி, காலுறை நான்கையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். பெரியவளுக்கு இரண்டு தொடையிலும் ஒரு கையிலுமாக மூன்று ஊசி போட்டார்கள். வீரிட்டு அழுதாள். அதைப் பார்த்துச் சின்னவளும் அழுதாள். இருவரையும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, தலைகால் புரியாமல் நின்றபோது 42-ஐக் கூப்பிட்டார்கள். அதற்குள் முதல் சிஸ்டர் சாப்பிடப் போய், வேறொரு சிஸ்டர் வந்திருந்தார். மச்சத்தைப் பார்க்காமல், தோளில் இருந்தவளோடு உள்ளே ஓடினேன்.

4. மறுநாள் குளிப்பாட்டும்போது மனைவிதான் கண்டுபிடித்தாள். பெரியவளுக்கு உடம்பு கொதித்தது. தொடைக்கு இரண்டிரண்டு, கைக்கு ஒன்றொன்று என ஆறு புள்ளிகள். சின்னவள் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் பாட்டுக்குத் தண்ணீரைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஏங்க, ஒருத்திக்கு ஆறு இருக்கு, இன்னொருத்திக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க யாரைத் தூக்கிட்டுப் போனீங்க?" பெரியவளை உடனே மருத்துவரிடம் காட்டினோம். இரட்டை அளவு போனதால் பெரிய ஆபத்தில்லை, காய்ச்சலை மட்டும் கவனியுங்கள் என்றார். அடுத்த நாள் காய்ச்சலும் இறங்கிவிட்டது. அவளைப் பற்றி எனக்கு இப்போது குறை ஏதுமில்லை.

5. சனிக்கிழமை சின்னவளை மட்டும் தூக்கிக்கொண்டு அதே நிலையத்துக்குப் போனேன். பதிவு செய்பவர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பேருக்கும் போட்டாச்சுன்னு வருது. இனி இருபத்தெட்டு நாள் ஆகாம அடுத்த ஊசியை இந்தக் கணினி எடுக்காது" என்றார். குழந்தையின் தொடையைத் திறந்து காட்டினேன். புள்ளி இரண்டு நாளில் மறைந்துவிடும் என்றார்கள். பிறகு மருந்துக் குப்பிகளைச் சரிபார்த்தார்கள். ஆறு எடுத்தது, ஆறும் செலவு, எல்லாம் சரி என்றார்கள். சரியாகத்தானே இருக்கும், ஐயா? ஆறும் ஒருத்தி உடம்பில் அல்லவா இருக்கிறது. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக நாங்கள் யாரையும் லிஃப்டில் ஏற்றுவதில்லை, ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுகிறோம். தனியார் மருத்துவமனைக்கும் போனேன். அங்கும் கணினியில் அதே பதிவுதான் வந்தது. தங்கள் அலுவலகக் கடிதம் இல்லாமல் ஊசியைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

6. அன்று ஆத்திரத்தில் எழுதிக் கொடுத்த புகாரில், இரண்டாவது சிஸ்டர் குழந்தையைச் சரியாகப் பார்க்காமல் ஊசி போட்டார் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் பார்த்தார். பஞ்சால் தொடையைத் துடைத்தவர் கையை நிறுத்தி, "இங்க சிவந்திருக்கே, என்ன இது?" என்று கேட்டார். நான் சொன்ன பதில்: "கொசு கடிச்சிருக்கும் சிஸ்டர்." ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தேன்.

அந்தச் சிஸ்டரிடம் விளக்கம் கேட்டபோது அவர் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். நேற்று என்னையும் நிலையத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று வாய் கூசாமல் மறுத்தேன். உடன் வந்திருந்த என் மனைவி ஊசி அறை வாசலில் நின்று அவரைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை. இப்போது இருவரில் யார் சொல்வது உண்மை என்று தெரியாமல் என் மகளின் விஷயம் விசாரணையில் நிற்கிறது. ஐயா, அவர் சொல்வதுதான் உண்மை. அவர் பார்த்த சிவப்பு கொசுக்கடி அல்ல, இருபது நிமிடத்துக்கு முன் போட்ட ஊசி. உள்ளே இரண்டு முறையும் போனது பெரியவளே என்பதற்கு அந்தச் சிஸ்டர்தான் சாட்சி. அந்தச் சாட்சியை மூன்று நாளாக மூடி வைத்திருந்தவன் நான்.

7. இந்த அவசரத்துக்குக் காரணம்: மேல்மாடிக் குடும்பம் வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பியது. அன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் குழந்தை எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து விளையாடியது. ஒரே பிளாஸ்டிக் வாத்தை மூன்று பிள்ளைகளும் மாற்றி மாற்றிக் கடித்தார்கள். நேற்று அந்தக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தட்டம்மைதான் என்று உறுதி செய்துவிட்டார்கள். தொற்றுப் பட்டு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்பு உண்டு என்கிறார் மருத்துவர். அது நாளை, புதன்கிழமை, மாலை ஐந்தோடு முடிகிறது. இருபத்தெட்டு நாளுக்கு நான் எங்கே போவேன்? அவள் லேசாக இருமினாலே மார்பில் காதை வைத்து மூச்சைக் கேட்கிறேன்.

8. ஆகவே, டோக்கன் 42-க்கு எதிரே உள்ள பதிவை நீக்கி, சின்னவளுக்கு உடனே ஊசி போடத் தாங்கள் ஒரு வரி எழுதித் தரவேண்டும். சிஸ்டர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். பொய்ப் புகார் கொடுத்ததற்கு என் மீது என்ன செய்வதானாலும் செய்யுங்கள், ஆனால் அதை நாளை மாலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு தங்கள் அலுவலக வளாகத்தில், மற்றவர்களை விட்டுத் தள்ளி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அருகில் நிற்கிறேன். கூப்பிட்டால் ஓடி வருவேன். கூப்பிடும் வரை போகமாட்டேன்.

இடம்: தங்கள் அலுவலக வளாகம்
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை 10.20 மணி

கெஞ்சிக் கேட்கும்,
(ஒப்பம்)
சின்னவளின் அப்பா

இணைப்பு: இருவரின் தடுப்பூசி அட்டைகள், குழந்தை மருத்துவரின் சீட்டு.

குறிப்பு: பத்தி 6-இல் உள்ளது என் மனைவிக்குத் தெரியாது. தவறு முழுக்க அந்தச் சிஸ்டருடையது என்றே அவள் இன்னும் நம்புகிறாள். அவள் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வருவாள். இன்று நானே சொல்லிவிடுவேன். ஊசி போட்ட பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல வழி செய்யுங்கள், ஐயா. வெறுங்கையோடு போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.