பெட்டி மேல் காயும் துண்டு

என் அருமை வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாய் என்று தினமும் போனில் நீயே சொல்லிவிடுகிறாய், ஆகையால் நலமா என்று கேட்டு மையை வீணாக்கவில்லை. இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வேளைக்கொரு சண்டை போட்டுக்கொண்டு குறைவில்லாமல் இருக்கிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று சிரிப்பாய். போனில் நான் ஏதாவது முக்கியமாக ஆரம்பித்தால் சரியாக அந்த நேரம் பார்த்து உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்திடம் அந்தச் சாக்கெல்லாம் செல்லாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். உன் அக்கா புது வீட்டுக்கு மாறிவிட்டாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஆனால் அவர்கள் பீரோ அதில் நுழையவில்லை. மாப்பிள்ளை அளந்தே பார்க்காமல் படி வழியாக ஏற்றப் போய், பாதியில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் முழி பிதுங்கி நின்றாராம். உன் அப்பா போய்க் கதவுகளைக் கழற்றி, சாய்த்து, ஒரு திருப்புத் திருப்பி ஏற்றிவிட்டு வந்தார். கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் காலம் பூராவும் பேக்கிங் செய்த கை அல்லவா. வந்த பிறகு முழங்கால் வலிக்கிறது என்று முனகினார், தைலம் தேய்த்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. எனக்கும் தையல் கடையில் தலைக்கு மேல் வேலை. ஒரு சினிமா தியேட்டர் முழுவதற்கும் இருக்கை உறை தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. தடித்த ரெக்ஸின், ஊசி பட்டுப்பட்டென்று உடைகிறது, மூலை மடிப்பில் மெஷின் முரண்டு பிடிக்கிறது. ஸ்பாஞ்சை வெட்டும்போதெல்லாம் உன் சைக்கிள் சீட்டு ஞாபகம்தான். வெண்டைக்காய் அகலத்தில் ஒரு சீட்டு, அதில் மனுஷி எப்படி உட்காருவாள் என்று பாவப்பட்டு நான் ஒரு மெத்தை உறை தைத்துக் கொடுத்தேனே, நீ தரையில் உருண்டு உருண்டு சிரித்தாயே. இப்போது அதன் மேல் உன் அப்பா முழங்காலை நீட்டி வைத்துக்கொள்கிறார். ஆக, என் தையல் வீண் போகவில்லை.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முன் நம் கூடத்தில் அந்த சைக்கிளைப் பெட்டியில் வைத்தீர்களே, அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சைக்கிள் கடைக்காரர் ஒரு புது வண்டி வந்த காலி அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தார். பேக்கிங் என்றால் நான்தான் என்று உன் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். வந்தவர் இடது பெடலைப் பிடித்துத் திருகினார், திருகினார், முகம் சிவந்துபோய்த் திருகினார், அது அசைந்தால்தானே. நீ பக்கத்தில் உட்கார்ந்து, கேலி ஒன்றும் செய்யாமல், அப்பா இந்தப் பக்கம் மட்டும் எல்லாம் தலைகீழ், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மெதுவாகச் சொல்லி, எதிர்ப்பக்கம் ஒரே அழுத்து. வந்துவிட்டது. பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பி உடம்போடு ஒட்டினாற்போல் கட்டினாய், சக்கரத்துக் காற்றைக் கொஞ்சம் இறக்கினாய், முன்சக்கரத்தைக் கழற்றிய கவைக்கு நடுவே நசுங்காமல் இருக்க ஒரு கட்டையைச் செருகினாய், பின்னால் தொங்குகிற கியரைத் தனியே கழற்றி, இதுதான் அம்மா ரொம்ப மென்மை, இதைச் சுற்ற ஏதாவது துணி கொடு என்றாய். ஒரு திருகாணியைக்கூட நீ தேடவில்லை, கை தானாகப் போய் எடுத்தது. நான் வாசல்படியில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லவில்லை, இத்தனை சாமான் மிச்சமாகக் கிடக்கிறதே, திரும்பப் பூட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். என் வாய் அப்படி, உனக்குத் தெரியாததா.

விமான நிலையத்திலும் அப்படித்தான். எடை போடுகிற இடத்தில் இருந்த பெண் இவ்வளவு பெரிய பெட்டியை ஏற்க முடியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். நான், விட்டுவிடுடி, வீட்டுக்கே கொண்டுபோகிறோம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீ குரலை உயர்த்தாமல், அவர்களுடைய விதியை அவர்களிடமே காட்டி, அளந்து பாருங்கள் என்று நின்றாய். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் அளந்தார், தலையாட்டினார். உள்ளே என்ன என்று அவர் கேட்டதற்கு, என் சைக்கிள் என்று நீ சொன்ன தோரணை இருக்கிறதே, கைக்குழந்தையைக் காட்டிச் சொல்கிற மாதிரி. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சரி, சுற்றி வளைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் ஆற்றோரமாக ஓட்டுகிறேன், ரோடு வழவழவென்று இருக்கிறது, நேற்று பாலம் வரை, இன்று பாலம் தாண்டி என்று நீ சொல்லச் சொல்ல உன் அப்பா போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமையாக அளந்துகொண்டிருந்தார். போன வாரம் வீடியோவில் பேசினாயே, அப்போது உனக்குப் பின்னால், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே, அந்தப் பெட்டி நின்றது. மேலே ஒரு துண்டைக் காயப் போட்டிருந்தாய். துண்டுக்குக் கீழே பழுப்பு டேப்பு. உன் அப்பா எந்தப் பொட்டலத்தைக் கட்டினாலும் டேப்பின் முனையை முக்கோணமாக மடக்கித்தான் விடுவார், உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த முக்கோணம் போட்டது போட்டபடி இருந்தது.

கண்ணு, நீ திட்டு விழும் என்று பயப்படாதே, உன்னைத் திட்ட எழுதவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அதைப் பார்த்ததும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போன வருஷம் அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற இறக்கத்தில் நீ சைக்கிளோடு விழுந்து தோள் எலும்பு முறிந்து வந்தபோது, முதலில் அந்தச் சனியனை விற்றுத் தொலை என்று சொன்னவள் நான். கை சரியான பிறகு நீ அதை அறைக்குள்ளேயே, நின்ற இடத்தில் சக்கரம் சுற்றுகிற ஸ்டாண்டில் மாட்டி வேர்க்க விறுவிறுக்க மிதித்தாய், தெருவில் மட்டும் இறக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, உள்ளூர சந்தோஷம். ஆகையால் பெட்டி பிரிக்கவில்லை என்று தெரிந்ததும், அப்பாடா, என் பிள்ளை இந்தக் கோடை முழுக்க விழ மாட்டாள் என்றுதான் தோன்றியது. போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ரெக்ஸினை மடித்து ஊசிக்குக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் வேறு விதமாகத் தோன்றியது. அத்தனை தூரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, காலையில் அதைப் பார்த்தபடி எழுந்து, எங்களுக்காக ஒரு ஆற்றங்கரையை ஜோடித்துச் சொல்கிறாளே, எவ்வளவு தனியாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ விழுவதற்கு முந்தைய வருஷம், ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மேம்பாலத்தில் நெரிசல், பஸ் நகரவே இல்லை. அப்போது ஓரமாக ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, கால் இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக. இவ்வளவு அழகாகப் போகிறதே, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். பிறகுதான் சட்டையின் தோளில் நான் போட்ட மஞ்சள் தையலைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், எப்படிப் போகிறாள் பாருங்கள், பயமே இல்லை என்றார். என் பெண்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. பஸ் நகரும் வரை நீ போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா, மெயின் ரோட்டில் ஓட்டாதே என்று.

அதனால் சொல்கிறேன், நீ பயந்தாங்கொள்ளி இல்லை. பயந்தாங்கொள்ளியாக இருந்தால் அதை இங்கேயே சுவரில் மாட்டிவிட்டு, அம்மா விடவில்லை என்று பழியை என் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், நானும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பேன். நீ அதைப் பெட்டியில் போட்டு, அந்த உதட்டுப் பிதுக்கல்காரியிடம் நியாயம் பேசி, கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறாய். பாதி வேலை முடிந்துவிட்டது. ஓட்டு என்று நான் சொல்லவில்லை, பிரித்துப் பூட்டிச் சுவரில் சாய்த்து வை, போதும். பிறகு உனக்கும் அதற்கும் உள்ள விஷயம். ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி, போனில் உள்ளதைச் சொல். இன்று எடுக்கவில்லை அம்மா என்றால் எடுக்கவில்லை, அவ்வளவுதானே. உன் அப்பாவும் அந்த டேப்பைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஒரு வாரமாக யாரிடமும் அளப்பதில்லை. இந்தக் கடிதம் எழுத நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, என்ன எழுதுகிறாய், யாருக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "கத்தியெல்லாம் வேணாம்னு எழுது. முனையை மடக்கித்தான் விட்டிருக்கேன், அவ பிடிச்சு இழுத்தா போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி முழித்துக்கொண்டு போனைத் தேய்க்காதே. ஓட்டினால் ஹெல்மெட் வாரை முகவாய்க்குக் கீழே இறுக்கிப் போடு. நீ நூறு வயது வரை திடமாக, மனசில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். முக்கியமான ஒன்று. கியரைச் சுற்ற நீ துணி கேட்டபோது நான் கொடுத்தது, தோள் முறிந்தபோது உன் கையைத் தூக்கிக் கட்டியிருந்த அந்த நீலத் துணி. அவசரத்தில் நீ கவனிக்கவில்லை. அங்கே போய்ப் பிரிக்கும்போது விழுந்தது ஞாபகம் வரட்டும், ஜாக்கிரதையாக இருப்பாள் என்று வேண்டுமென்றேதான் கொடுத்தேன். இப்போது வேறு சொல்கிறேன். வண்டியைப் பூட்டி முடித்ததும் சங்கிலியில் இருக்கிற எண்ணெயையும் கறுப்பையும் அந்தத் துணியாலேயே நன்றாகத் துடைத்து, குப்பையில் போட்டுவிடு. நீ திரும்பி வரும்போது அது பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
மேம்பாலத்துப் பஸ்ஸில் உன்னைப் பார்த்த
அம்மா