கௌதாரிக்கு ஓடியவர்

செப்டம்பர் 14
இந்தப் பருவத்துக்கான திட்டம் ஒருவழியாக முடிந்தது. அக்டோபர் முதல் ஞாயிறு கெனிஃப்ரா ஊருக்குக் கீழே கல் சரிவுகளில் கௌதாரி. நவம்பரில் தேவதாருக் காட்டில் பன்றி, தின்ன அல்ல, பயிரைக் காக்க. ஜனவரியில் ஏரியில் வாத்து. மார்ச் கடைசியில் ஆற்றில் டிரவுட் மீன். வருகிற விருந்தாளிகளில் யாரை எங்கே நிறுத்துவது என்று எழுதுவது நான். எந்தப் புதரில் பறவை இருக்கும் என்று சொல்வது மச்சான் பென்னாசர். மனைவியின் அண்ணன் என்பதால் என்னைத் திட்டும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவர் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

செப்டம்பர் 29
பென்னாசரோடு சண்டை. சுட்டு முடித்து விசில் ஊதும்வரை யாரும் வரிசையை விட்டு நகரக்கூடாது என்று எழுதியிருந்தேன்.

"விசில் ஊதுற வரைக்கும் கௌதாரி உசிரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குமா மாப்ள? கத்தி படாமச் செத்தது என் வீட்டுச் சட்டிக்குள்ள வராது."

"சுடும்போதே பிஸ்மில்லா சொன்னாப் போதும்னு இமாமே சொல்லிட்டாரு."

"இமாம் வீட்ல தெனமும் கோழி. அவருக்கென்ன!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டேன்.

அக்டோபர் 5
பென்னாசர். கண். யா அல்லாஹ்.

அக்டோபர் 7
எழுதித்தான் ஆக வேண்டும். நான் சுட்ட கௌதாரி புதருக்குள் விழுந்தது. உயிர் போவதற்குள் அறுத்துவிட வேண்டுமென்று பென்னாசர் கத்தியோடு ஓடினார். இன்னொன்று தரையை ஒட்டி எழும்பியது. நான் சுட்டேன். எனக்கு இடப்பக்கம் நின்ற ஃபெஸ் நகரத்து வாத்தியார் கஸ்ஸாலியும் சுட்டார். இரண்டும் ஒரே வெடியாகக் கேட்டது. ஆனால் அவர் துப்பாக்கி வானத்தைப் பார்த்திருந்தது. என்னுடையது —

ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியுமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கஸ்ஸாலி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் கைதான் ஹத்தூ, என் கைதான்." இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

அக்டோபர் 22
என் மனைவி இட்டோ மாவு பிசைந்துகொண்டே சபித்தாள். "எங்கண்ணன் கண்ண அவிச்சவன் கை வெளங்காமப் போக." அந்தக் கையால்தான் அவள் சுட்ட ரொட்டியைப் பிட்டுத் தின்றேன்.

டிசம்பர் 11
பன்றி, வாத்து இரண்டையும் ரத்து செய்துவிட்டேன். பென்னாசர் கூப்பிட்டனுப்பினார். மீனையாவது விடாதே என்றார். ஆற்றின் வளைவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்பதுவரை. எழுதிக்கொண்டேன்.

"நீ இருக்கேன்னுதான் மாப்ள எனக்குத் தைரியம்."

பாவி நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 8
கஸ்ஸாலி ஒரு செம்மறிக் கடாவோடு பென்னாசர் வீட்டுக்கு வந்தார். எங்கள் வழக்கப்படி, வாசலில் ஆட்டை அறுத்து மன்னிப்புக் கேட்டால் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. பட்டணத்து மனிதர், அறுத்துப் பழக்கமில்லை. கத்தியை என்னிடம் நீட்டினார். "எனக்காக நீயே அறுத்துடு ஹத்தூ."

கடாவின் கழுத்தைப் பிடித்தேன். முடியவில்லை.

"சுட்டது நான்தான் மச்சான்."

பென்னாசர்தான் கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"வாத்தியாரே, ஆட்ட ஓட்டிட்டுப் போங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இட்டோ இன்று என்னோடு வீட்டுக்கு வரவில்லை.

பிப்ரவரி 12
நான் ஒரு கடா வாங்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். கதவுக்கு உள்ளேயிருந்தே குரல் வந்தது. "அறுத்துட்டா நான் மறுக்க முடியாது. அதனால அறுக்காத, ஹத்தூ."

மாப்ள என்று கூப்பிடவில்லை. கடாவைத் திருப்பி ஓட்டி வந்தேன்.

மார்ச் 1
இட்டோ வந்துவிட்டாள். பேசுவதில்லை.

மார்ச் 29
விடிந்ததும் கஸ்ஸாலியின் கார் எங்கள் வாசலில் நின்றது. பக்கத்து இருக்கையில் பென்னாசர், மடியில் தூண்டில். இட்டோ அண்ணனுக்கு ரொட்டிப் பொட்டலம் கொண்டுபோனாள். ஆற்றுத் திட்டம் எழுதிய காகிதத்தை அந்தப் பொட்டலத்துக்குள் நான் செருகி வைத்திருந்தேன். அவர் பொட்டலத்தை விரல்களால் தடவிப் பார்த்தார். காகிதத்தை மட்டும் உருவி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு பேருக்குப் போதுமாண்ணா?"

"போதும்மா. வேற யாரும் வரல."

கார் ஆற்றுப் பாதையில் திரும்பியது. நான் கதவைச் சாத்தினேன்.