தண்ணீர்த்தொட்டி வரைக்கும்

எந்நாளும் எனக்கு முன்னால் நடந்துபோன என் அக்காவுக்கு,

நீ நம்ப மாட்டாய். நான் ஓடுகிறேன். நடக்கவில்லை, ஓடுகிறேன். காலையில் பால் வாங்கி வைத்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நம் தெருக்கோடித் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் ஓடிப்போய், மூச்சு வாங்கி நின்று, பிறகு நடந்து திரும்புகிறேன். எதிர்வீட்டு ராசாத்தி தினமும் வாசலில் நின்று, "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று கேட்கிறாள். கேட்கட்டும்.

விருதுநகர் டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி இரண்டு வருடம் கெஞ்சினாரே, அவருக்காக இல்லை. என்னை ஓட வைத்தது உன் நாய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு ஆறாது.

நீ போன மறு வருடம் வீட்டை எடுத்துக் கட்ட ஆரம்பித்தோம். முழுக்க இல்லை. ஹாலைப் பெரிதாக்கி, சமையல் மேடைக்கு கிரானைட் போட்டு, உன் அறையை ஹாலோடு சேர்ப்பதாகத் திட்டம். நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, உன் அறையின் சந்துக் கதவை அடைத்துவிட்டால் பீரோவும் டிவியும் வைக்க நல்ல சுவர் கிடைக்கும் என்றார் கொத்தனார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோபப்படாதே. அந்தக் கதவின் மேல் எனக்கு எட்டு வருடக் கடுப்பு இருந்தது உனக்கே தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் திடீரென்று உன் அறைக்குச் சந்துப் பக்கம் இன்னொரு கதவு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் கூடாது என்றாய். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் நீ வெடிமருந்து அடைக்கிற அறைக்கு நாலு பக்கமும் கதவு என்பது எனக்கும் தெரியும். "இது வீடாக்கா, மருந்து ரூமா? இந்தச் சாத்தூர்ல எம்புட்டுப் பேரு பட்டாசு வேலைக்குப் போறாக, எவ வீட்டுல இப்படிக் கதவு இருக்கு?" என்று சண்டை போட்டேன். கதவு வந்தது.

அதே மாதம்தான் ஒரு மஞ்சள் பைக்குள் நாய்க்குட்டியும் வந்தது. வாலைச் சுழற்றுகிற சுழற்றலைப் பார்த்துச் சாட்டை என்று பேர் வைத்தாய். பிள்ளை இல்லாத வீடு. நீ, நான், என் வீட்டுக்காரர் என்று இருந்த இடத்தில் அது நாலாவது ஆளாகச் சேர்ந்துகொண்டது.

அப்புறம் அந்த விளையாட்டு. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, குளித்து, காப்பி குடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் சாட்டையைப் பார்த்து "ஓடு!" என்று ஒரு சத்தம் போடுவாய். அது சந்துக் கதவு வழியாகப் பாய்ந்து தொட்டிக்கு ஓடும். பின்னாலேயே நீ. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, தலைமுடி ஈரத்தோடு, தெருவே பார்க்க. அங்கே போய் அதன் தலையைத் தொட்டு "ஒண்ணு" என்பாய். உன் நெஞ்சைத் தொட்டு "ரெண்டு" என்பாய். எண்ணி முடிக்காமல் இரண்டு பேரும் திரும்பியதே இல்லை.

எங்களையும்தான் கூப்பிட்டாய். "ஏடி செல்வி, ஒரு நாளைக்காவது ஓடியாடி. அவரையும் கூட்டியா. நாலு தலையையும் ஒருவாட்டி எண்ணிட்டம்னா எனக்கு நிம்மதி."

"ஒனக்குக் கிறுக்குன்னா எங்களுக்குமாக்கும்?" என்றேன் நான், தையல் மிஷினை நிறுத்தாமலே. அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன்னிடம் ஆயிரம் கேட்டிருக்கிறேன், குழம்புக்கு உப்பு போதுமா என்பது வரைக்கும். அதை மட்டும் ஏன் கேட்கவில்லை?

போன வருடம் மாசியில், வேலைக்குக் கிளம்பிய நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தனை வருடம் மருந்துக்குத் தப்பி வந்தவள் இப்படியா போவாய்? சாட்டை உன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுசன் இவர். இப்போது தன் தட்டிலிருந்து முட்டையை எடுத்து அதற்கு வைக்கிறார். என்ன புதுசாக என்று கேட்டால், "மதினி நாயாச்சே" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

நடுச்சுவரை எடுத்தாயிற்று. பழைய தளத்தைத் தாங்க கம்பு கம்பாக முட்டுக் கொடுத்திருந்தார்கள். உன் சந்துக் கதவை நிலையோடு கழற்றிச் சாய்த்து வைத்து, அந்த வழியை அடைக்கச் செங்கலும் சந்தில் அடுக்கியாகிவிட்டது. "டீயக் குடிச்சிட்டு வந்து அடைச்சிருவோம்க்கா, ஒரு மணி நேர வேலை" என்று கொத்தனார் வாசலில் கிளாஸோடு உட்கார்ந்தார். இவர் ஹாலில் பீரோவைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில். சாட்டை உன் கட்டிலுக்கு அடியில்.

டமார் என்று ஒரு சத்தம்.

நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அப்போது செய்தோம், அக்கா. எல்லோரும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற மேற்கே பார்த்தோம். நான் சமையல்கட்டு ஜன்னலில், இவர் ஹால் ஜன்னலில், கொத்தனார் தெருவில், எங்கே புகை எழும்புகிறது, எந்தக் கம்பெனி என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் எங்கள் தலைக்கு மேலிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு முட்டு நழுவித் தளம் வெடித்திருந்தது. மண் சுமந்து வந்த சித்தாள் மாரிதான் நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள். "ஓடுங்க! தளம் எறங்குது, ஓடு, ஓடு!"

முன்வாசல் வழியாக வெளியே வந்து விழுந்தோம். இவர், நான், மாரி. கொத்தனார் ஏற்கெனவே தெருவில் நின்றார். எல்லோரும் முழுசாக இருந்தோம்.

"சாட்டை எங்க?" என்றார் இவர்.

நான்தான் சொன்னேன், அக்கா. என் வாயால் சொன்னேன். "அக்கா கட்டிலுக்கு அடியிலதான் படுத்துக் கெடந்துச்சு."

அவ்வளவுதான். மனுசன் திரும்ப உள்ளே போய்விட்டார். "அண்ணாச்சி, போகாதீக!" என்று கொத்தனார் கத்தினார். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. சுவரில் மிச்சம் இருந்த பாகம் சரிந்து உன் கட்டிலை மூடியிருந்தது. இவர் குனிந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே முட்டுக்கம்புகள் கிறீச்சிட்டன.

"வெளிய வந்துருங்க! ஒங்களக் கும்புடுதேன், வந்துருங்க!"

"சத்தமே இல்ல புள்ள. அமுங்கிக் கெடக்கு. மதினி நாயி, விட்டுட்டு எப்படி வர?"

என் வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை. உள்ளே போய் இழுக்கலாம் என்று ஓரடி வைத்தேன். அப்போதுதான் மாரி கத்தினது காதில் திரும்ப விழுந்தது. அவள் "ஓடு" என்றாள். நாயை நோக்கிச் சொல்லவில்லைதான். ஆனால் நாய்க்கு அது தெரியுமா? சந்துப் பக்கம் வழி இன்னும் அடைபடவில்லை.

ஓடினேன். வீட்டைப் பார்த்து இல்லை, தொட்டியைப் பார்த்து. ஒரு செருப்பு எங்கேயோ போனது. வாசல்களில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதினைந்து வீடு தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. நீ தினமும் இதைச் சிரித்துக்கொண்டு ஓடினாயா?

இருந்தது அக்கா. தொட்டி நிழலில், முன்னங்கால்களை ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆயிற்று. ஒருத்தர்கூட அதை அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கு ஒன்றும் மறக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் நிற்கிறபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

கத்துவதற்கு மூச்சு இல்லை. தொட்டியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ராசாத்தியின் கையைப் பிடித்து, "நாயி இங்கன இருக்குன்னு சொல்லு, சொல்லு" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் அவள் கத்தினாள். அடுத்த வாசல்காரி அதை வாங்கிக் கத்தினாள். "நாயி தொட்டியில இருக்காம்!" அதற்கு அடுத்தவள், அதற்கு அடுத்தவள். குழாய் சுருட்டுகிற கைகள் அப்படியே நிற்க, என் பேச்சு என்னை விட வேகமாகத் தெருவில் ஓடியது. கடைசியில் கொத்தனார் குரல் கேட்டது. "அண்ணாச்சி, நாயி வெளிய இருக்கு, வாங்க!"

அதன் பிறகு தளம் விழுந்த சத்தம். புழுதி தெருவை மறைத்தது.

அவர் வந்தாரா, வரவில்லையா? சாட்டையின் மேல் சாய்ந்தேன். அது என்னைப் பார்த்துக் காத்திருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அதன் தலையைத் தொட்டேன். "ஒண்ணு." என் நெஞ்சைத் தொட்டேன். "ரெண்டு." உடனே எழுந்து உதறிக்கொண்டு வாலைச் சுழற்றியது. அதற்குக் கணக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரெண்டு, ரெண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புழுதிக்குள்ளிருந்து தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக ஒரு ஆள் நடந்து வந்தார். கண் மட்டும் தெரிந்தது. நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால், கட்டிய நாளிலிருந்து பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத நான் அவர் நெஞ்சில் கையை வைத்தேன். "மூணு" என்றேன். மனுசன் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் படி இறங்கியதற்கும் தளம் விழுந்ததற்கும் நடுவில் டீ கிளாஸை ஓரமாக வைக்கிற நேரம்தான் இருந்தது என்று கொத்தனார் இன்றைக்கும் சொல்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வேலை பார்த்த லட்சுமி விசயம் கேள்விப்பட்டு வந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒங்கக்கா ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையாத்தா?"

அவள் சொல்லித்தான் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் உன் மருந்து அறையில் தீப்பிடித்ததும், நாலு பேரும் நாலு கதவு வழியாக ஓடித் தப்பியதும். நீ கிழக்கே. உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த செண்பகம் மேற்கே. ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தவள் உன்னைக் காணோம் என்று தேடியிருக்கிறாள்.

"'பாண்டியம்மா உள்ள இருக்கா'ன்னு கத்திக்கிட்டே திரும்ப உள்ள போயிட்டாத்தா. ஒங்கக்கா அங்கிட்டு உடைமரத்துக்குப் பின்னால நின்னு 'நான் இங்கன இருக்கேன்டி'ன்னு கத்துறா. அவளுக்குக் கேக்கல. உள்ள போனவ உசுரோட வரலத்தா."

முடி கருகி வந்த அன்றைக்கு, "ஒண்ணுமில்லடி, லேசா வெக்கை அடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாய். நானும் சீப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கள்கிழமையும் வேலைக்கு உட்காரும் முன் உன் அறைப் பெண்களை ஒரே மரத்துக்கு ஓட வைத்துத் தலை எண்ணினாயாம். போர்மேன் ஏசினாராம். புதுசாக வந்தவர்கள் சிரித்தார்களாம். நீ விடவே இல்லையாம். "இப்பவும் திங்கக்கிழம ஓடுறோம்த்தா. எண்ணுறது நாந்தேன்" என்றாள் லட்சுமி.

அவள் போன பிறகு கிரானைட் போடாத அந்த மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கூடவே இருந்தவள், என் சாப்பாட்டைச் சாப்பிட்டவள், நான் தினமும் கேலி செய்தவள், எத்தனை பெரிய மனுசி! செண்பகத்தை மனசில் வைத்துக்கொண்டு ஏழு வருடம் அழாமல், ஒரு அறைப் பெண்களையும் ஒரு நாயையும் ஓடப் பழக்கியிருக்கிறாய். உன்னை எனக்கு இவ்வளவு தெரியாமல் போயிற்றே.

வீடு இப்போது மறுபடி எழும்புகிறது. ஹால் பெரிதாகவில்லை, போகட்டும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல். கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். "மழை அடிச்சா கதவு ஊறிரும்க்கா" என்றார் கொத்தனார். "ஊறட்டும்" என்றார் இவர், நான் வாயைத் திறக்கும் முன்னால். காலையில் தனியாக ஓடிப் பழகுகிறேன். சாயங்காலம் மூன்று பேரும் ஓடுகிறோம். இவர்தான் எப்போதும் கடைசி.

இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் தேடிக்கொண்டு உள்ளே போக மாட்டார்கள். எதுவானாலும் தொட்டிக்கு வந்து சேர்வோம். என் கால் ஓடுகிறவரை, ஒரு நாள் விடாமல் தலையைத் தொட்டு எண்ணுவேன். நீ எண்ண ஆசைப்பட்ட நாலு தலையில் ஒன்று நான்தான் அக்கா. கூப்பிட்ட அன்றைக்கு வராமல்,

எட்டு வருடம் தாமதமாகத் தொட்டிக்கு வந்து சேர்ந்த,
உன் தங்கச்சி செல்வி