இரண்டாவது பியானோ

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. அடுத்த மாதம் நீ இங்கே நகர மண்டபத்தில் வாசிக்கப் போவதைத் தபால்காரரைக்கூடப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வாசிக்கப் போகும் பியானோவுக்கு நான் சுருதி கூட்டப் போவதில்லை. பஞ்சுதான் கூட்டப் போகிறார். யாரென்று கேட்பாய். எங்கள் பியானோ பழுதுபார்ப்போர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர், ஹாரன் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்று பஸ்ஸில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வருவார், அதனால் அந்தப் பெயர். நேற்று வரை மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மனிதர், இப்போது எதற்கெடுத்தாலும் பஞ்சு சார், பஞ்சு சார். அவர் கம்பியை முறுக்கும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதாம், பொருளாளர் உருகுகிறார். இத்தனை வருஷமாக நானும்தான் முறுக்குகிறேன், என் மூச்சை எவன் கவனித்தான்? வயிறு எரிகிறதடி, உன்னிடம் சொல்வதற்கென்ன.

மண்டபத்திலிருந்து ஆள் கேட்டார்கள், நானும் அவரும் பெயர் கொடுத்தோம். ஒரே வேலைக்கு இப்படி இரண்டு பேர் வந்தால் எங்கள் சங்கத்தில் வாய்ச்சண்டை கிடையாது, காதுதான் தீர்ப்பு. ஒரே மாதிரியான இரண்டு பியானோ, ஆளுக்கொன்று. கூட்டி முடித்ததும் நாங்கள் இருவர் உட்பட ஏழு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார வேண்டும். எது யாருடையது என்று சொல்லாமல் செயலாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார், பிடித்ததற்குக் கை தூக்க வேண்டும். என் மகள் வாசிக்கிற பியானோவை வேறொருவர் தொடுவதா என்று அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே இருக்கிற கம்பிகள் ஒரே குரலாகக் கேட்கும்வரை நான் விடவில்லை. செயலாளர் முதலாவதை வாசித்தார், குறை சொல்ல முடியாது, ஆனால் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் விறைப்பு. மாட்டிக்கொண்டீரா பஞ்சு என்று உள்ளுக்குள் ஒரே குஷி எனக்கு. இரண்டாவதை வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு இதம். இது என் கைதான், வேறு யாருக்கு வரும் என்று சட்டென்று கையைத் தூக்கிவிட்டேன்.

முதலாவதுக்கு மூன்று, இரண்டாவதுக்கு நான்கு என்றார் செயலாளர். நான் சிரித்தபடி எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம்தான் சொன்னார், இரண்டாவது பஞ்சு சாருடையதாம். அவரை ஜெயிக்க வைத்த அந்த ஒரு கை என் கை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது, உன் தயவுலதானே அந்த மனுஷன் ஜெயிச்சாரு, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா என்கிறார். உன் அப்பாவோடு இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கையுறை போடாமல் வெளியே போகாதே, விரல் பத்திரம். பியானோ நன்றாகத்தான் இருக்கும், பயப்படாமல் வாசி, நான் முன்வரிசையில் இருப்பேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வாசித்து முடித்ததும் என் எதிரில் அந்த மனிதரைப் புகழ்ந்து தொலைக்காதே. நான் ஒரு தடவை புகழ்ந்தாயிற்று, கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தூக்கி, மனசார. இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

வயிற்றெரிச்சலோடும் முத்தங்களோடும்,
உன் அம்மா