பாய்லருக்கு மட்டும் நல்ல தண்ணீர்

பர்மா எண்ணெய் வயல்,
9 மார்ச் 1927

அன்புள்ள ராகேலுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். திருவனந்தபுரத்தில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மைக்கு முட்டுவலி தேவலையா?

இங்கே ஒரு சின்னச் சங்கதி, நீ பயப்படாதே. பூமியிலிருந்து எண்ணெயோடு உப்புத் தண்ணீரும் வருகிறது. அதைத் தெளியவைத்து, கூலியாட்கள் வரிசையாய்க் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கு விடுகிறார்கள். அதில் பருப்பு வேகாது. குடித்தால் வயிற்றைக் கலக்கும். ஆற்றிலிருந்து வரும் நல்ல தண்ணீர் முழுவதும் இயந்திரத்தின் பாய்லருக்கு. உப்புப் பட்டால் பாய்லர் கெட்டுவிடுமாம். இரும்பே கெட்டுப்போகும் தண்ணீரை மனுஷன் குடிக்க வேண்டுமாம்!

சனிக்கிழமை, பக்கத்து வீட்டுத் தாசையனின் மனைவி, பிள்ளை பெற்று மூன்றே நாள் ஆனவள், கஞ்சி வைக்க நல்ல தண்ணீர் கேட்டாள். பாய்லர் குழாயைத் திருகித் திறக்கும் சாவி என்னிடம்தானே? திறந்துவிட்டேன். லைன் முழுவதும் குடத்தோடு வந்துவிட்டது. பாய்லருக்குத் தண்ணீர் குறைந்து, மத்தியானம்வரை வேலை நின்றது.

மேஸ்திரி ஓடிவந்தார். "ஆளு செத்தா அடுத்த கப்பல்ல வேற ஆளு வரும். பாய்லரு வருமாவே?" என்று கத்தினார். நம் நாகர்கோவில்காரர்; ஜெபக்கூட்டத்தில் முன்னால் உட்காருகிறவர்! "அப்போ பாய்லருக்கே ஞானஸ்நானம் குடும்வே" என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது மண் சுமக்கிறேன், உடம்புக்கு நல்லதுதான்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் சீயக்காய்ப் பொடி வாங்கி அனுப்பு. இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. பொட்டலத்துக்குள் உன் கையால் நாலு வரி எழுதி வை.

தபால் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன்
அருமைநாயகம்

பி.கு.: சாவி போனதற்கு வருந்தாதே. அந்தக் குழாயை ஸ்பானரால் திறக்க லைனில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.